ஐபோனில் எந்த ஆப் இருக்கலாம் என்பதை ஆப்பிள் முடிவு செய்வது நியாயமா?

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய போனில் எந்த ஆப் போடலாம் என்பதை விற்ற கம்பெனியே ஏன் தீர்மானிக்க வேண்டும்? பாதுகாப்புக்காகத்தான் என்று ஆப்பிள் சொல்வதில் எவ்வளவு உண்மை? டெவலப்பராக இருந்து ரிஜெக்ட் ஆனால் என்ன செய்யலாம்?

பாதுகாப்பு என்ற வாதம் பொய்யில்லை. ஆனால் அது பொருந்துகிற இடம் ஒன்று, ஆப்பிள் அதைப் பயன்படுத்துகிற இடம் இன்னொன்று. "ஆப் ஸ்டோர் கட்டுப்பாடு" என்று நாம் ஒரே பெயரில் பேசுவது மூன்று தனித்தனி வேலைகளை. ஆப்பிளின் கையெழுத்து இல்லாத எந்த நிரலும் போனில் ஓடாது என்பது முதலாவது. அந்தக் கையெழுத்து கிடைக்க ஆப்பிள் அலுவலகத்தில் ஓர் ஆள் ஆப்பைத் திறந்து பார்த்து ஓகே சொல்ல வேண்டும் (இதைத்தான் ரிவ்யூ என்பார்கள்) என்பது இரண்டாவது. ஆப்புக்குள் டிஜிட்டல் சரக்கு விற்றால் ஆப்பிளின் பில்லிங் வழியாகத்தான் விற்க வேண்டும் என்பது மூன்றாவது. முதல் வேலைதான் பெரும்பாலான பாதுகாப்பைத் தருகிறது. மூன்றாவதுதான் பணத்தைத் தருகிறது. வழக்கு என்று வந்தால் முதலாவதின் நற்பெயரைக் காட்டி மூன்றாவதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஆப்பிள் நல்லதா கெட்டதா என்று எத்தனை வருஷம் பேசினாலும் பேச்சு நகராது.

கையெழுத்து வேலை செய்யும் விதத்தை முதலில் பார்ப்போம். டெவலப்பர் மேக்கில் ஆப்பை பில்ட் செய்து, தன் சர்டிஃபிகேட்டால் கையெழுத்திட்டு, ஆப் ஸ்டோர் கனெக்ட்டில் ஏற்றுகிறார். ரிவ்யூ தேறியதும் ஆப்பிள் அதற்குத் தன் கையெழுத்தைப் போட்டு ஸ்டோரில் வைக்கிறது. நீங்கள் ஆப்பைத் திறக்கும்போது போனின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும்; ஒரு பைட் மாறியிருந்தாலும் ஆப் திறக்காது. இதற்கு மேல் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு ஆப்பும் தனக்கென ஒதுக்கிய இடத்துக்குள்தான் எழுதலாம், படிக்கலாம். கேமரா, மைக், காண்டாக்ட்ஸ், லொகேஷன் எதைத் தொட்டாலும் உங்களிடம் அனுமதி கேட்டாக வேண்டும். இதையெல்லாம் செய்வது உங்கள் கையில் இருக்கும் போன். ரிவ்யூ செய்யும் ஆளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆப் வேறு ஸ்டோரிலிருந்து வந்தாலும் இந்த வேலி அப்படியே நிற்கும்.

கையெழுத்துப் போடும் அந்தச் சாவியை ஆப்பிள் மட்டும் வைத்திருப்பதன் கனம் 2019 ஜனவரி கடைசியில் தெரிந்தது. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு மட்டும் ஆப் கொடுக்க என்டர்பிரைஸ் சர்டிஃபிகேட் என்று ஒன்று உண்டு. அதற்கு ரிவ்யூ கிடையாது. ஃபேஸ்புக் அதை வைத்து, பணம் கொடுத்து வெளியாட்களின் போனில் அவர்களின் இணையப் பயன்பாட்டைக் கவனிக்கும் ஓர் ஆப்பைப் பரப்பியது. விஷயம் செய்தியானதும் ஆப்பிள் அந்தச் சர்டிஃபிகேட்டை ரத்து செய்தது. அதே சர்டிஃபிகேட்டில் ஓடிக்கொண்டிருந்த ஃபேஸ்புக்கின் உள் ஆப்கள் எல்லாம் சேர்ந்து நின்றன: சோதனைப் பதிப்புகள், ஊழியர்களின் பஸ் நேரம் பார்க்கும் ஆப், கேன்டீன் மெனு உட்பட. மறுநாள் கூகுளுக்கும் இதே கதி. இரண்டு கம்பெனியும் விதியை மீறியிருந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ரத்தில் ஃபேஸ்புக் அளவுள்ள கம்பெனியின் அன்றாட வேலையை நிறுத்த முடிகிறது என்றால், மூன்று பேர் நடத்தும் கம்பெனி ஆப்பிளோடு எந்தத் தைரியத்தில் வாதாடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ரிவ்யூ. 2007-ல் ஐபோன் வந்தபோது வெளியார் ஆப்புக்கு இடமே இல்லை. வெப் ஆப் போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 ஆப்களோடு ஸ்டோர் திறந்தது. முதல் இரண்டு வருஷம் விதிகள் வெளியே எழுதி வைக்கப்படவே இல்லை. பாட்காஸ்டர் என்ற ஆப், ஐடியூன்ஸ் செய்கிற வேலையையே செய்கிறது என்று 2008-ல் நிராகரிக்கப்பட்டது. கேலிச்சித்திரக்காரர் மார்க் ஃபியோரின் ஆப், பொது மனிதர்களைக் கிண்டல் செய்கிறது என்பதற்காக 2009 டிசம்பரில் நிராகரிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததும் மறுபடி அனுப்பச் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். ஆப்பில் எதுவும் மாறவில்லை, ஆளின் பெயர்தான் பெரிதாகியிருந்தது. விதிப்புத்தகம் முதன்முதலாக வெளியானது 2010 செப்டம்பரில்தான்.

ரிவ்யூ அறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியுலகம் முதலில் தெரிந்துகொண்டது கூகுளின் தொலைபேசி ஆப்பான கூகுள் வாய்ஸ் தகராறில். அந்த ஆப்பை 2009-ல் ஆப்பிள் ஸ்டோரில் விடவில்லை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. நிராகரிக்கவில்லை, இன்னும் பரிசீலிக்கிறோம் என்று ஆப்பிள் எழுதியது. நிராகரித்துவிட்டார்கள் என்று கூகுள் எழுதியது. அந்த ஆப் ஸ்டோருக்கு வந்தது 2010 நவம்பரில். 2009 ஆகஸ்ட் 21 தேதியிட்ட ஆப்பிளின் பதிலில் சில எண்கள் இருந்தன: முழுநேர ரிவ்யூ ஆட்கள் 40-க்கும் மேல், ஒவ்வொரு ஆப்பையும் குறைந்தது இரண்டு பேர் பார்க்கிறார்கள், வாரத்துக்குப் புதியதும் அப்டேட்டுமாக சுமார் 8,500 வருகின்றன. கணக்குப் போடுங்கள். 8,500-ஐ இரண்டு பேர் பார்த்தால் 17,000 பார்வை. 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 425. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று வைத்தால் ஓர் ஆப்புக்கு ஆறு நிமிஷம் கூட இல்லை. ஃபோர்ட்நைட் விளையாட்டைச் செய்த எபிக் கம்பெனி ஆப்பிள் மீது போட்ட வழக்கில் 2021-ல் ஆப்பிள் சொன்ன கணக்கு சுமார் 500 பேர், வாரத்துக்கு ஒரு லட்சம் ஆப். ஒருவரே பார்த்தாலும் பன்னிரண்டு நிமிஷம்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஓர் ஆள் எதைக் கண்டுபிடிக்க முடியும்? ஆப் திறந்ததும் மூடிக்கொள்கிறதா, லாகின் வேலை செய்கிறதா, ஸ்கிரீன்ஷாட்டில் காட்டியது உள்ளே இருக்கிறதா, பணம் கட்டும் பட்டன் எங்கே போகிறது, இவ்வளவுதான். ஆப்பிள் வெளியே சொல்லாத உள்வசதிகளை (ஏபிஐ) ஆப் அழைக்கிறதா என்று தேடுவது போன்ற வேலையை மெஷின் செய்கிறது. சர்வரில் ஒரு சுவிட்சைத் தட்டினால் பத்து நாள் கழித்து வேறு முகம் காட்டும் ஆப்பை இருவருமே பிடிக்க முடியாது. மோசடி சூதாட்ட ஆப்கள் கால்குலேட்டர், குழந்தைகள் விளையாட்டு வேஷத்தில் உள்ளே வருவது இந்த வழியில்தான்.

பெரிய தோல்விகளும் உண்டு. 2015-ல் சீனாவில் சிலர் ஆப் செய்யப் பயன்படும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருளை அதிகாரபூர்வமில்லாத சர்வரிலிருந்து இறக்கிப் பயன்படுத்தினார்கள். அதில் தீய நிரல் ஒட்டிக்கொண்டிருந்தது. வீசாட் உட்படப் பல ஆப்கள் அந்த நிரலோடு ரிவ்யூ தாண்டி ஸ்டோருக்குப் போயின. 2,500-க்கும் மேற்பட்ட ஆப்கள், 12.8 கோடி பயனர்கள் என்ற ஆப்பிளின் உள்கணக்கு எபிக் வழக்கு மின்னஞ்சல்களில்தான் வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரைப் போலவே ஐகான் வைத்து, ஓர் எழுத்து மாற்றி, "லாஸ்பாஸ்" என்று ஒரு போலி ஆப் ஸ்டோரில் ஏறியது. பாஸ்வேர்டு ஆப்பின் போலியே தேறுகிறது என்றால், ரிவ்யூ இல்லாவிட்டால் ஐபோன் வைரஸ் கிடங்காகிவிடும் என்ற பயமுறுத்தலைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும்.

அதற்காக ரிவ்யூ வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஆப்பிளின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு பார்த்தவை சுமார் 61 லட்சம், நிராகரித்தவை சுமார் 16.8 லட்சம். பெரும்பகுதி குப்பை, அரைகுறை, காப்பி. கணக்கை அழிக்கும் வசதி ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கினார்கள். எந்த நாட்டுச் சட்டமும் அவ்வளவு வேகத்தில் அதைச் செய்திருக்காது. கேமரா எதற்கு வேண்டும் என்று ஒரு வரியில் எழுதச் சொல்வதும் நல்ல பழக்கம். சுத்தம் செய்யும் வேலை என்ற அளவில் ரிவ்யூவுக்குப் பயன் உண்டு. அதைக் கோட்டைச் சுவர் என்று விற்பதுதான் உறுத்துகிறது.

மேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேக்கில் ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் மென்பொருள் போடலாம். நோட்டரைசேஷன் என்ற தானியங்கிச் சோதனை தாண்டினால் போதும், பில்லிங் யாருடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் போனில் ஏன் முடியாது என்று நீதிபதி கேட்க, மேக்கில் இருக்கும் மால்வேர் அளவு எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை என்று 2021-ல் சாட்சிக் கூண்டில் சொன்னார் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி. தன் கம்பெனியின் சரக்கையே குறை சொல்லித்தான் அந்த வாதத்தை நிறுத்த முடிந்தது.

பணத்துக்கு வருவோம், சண்டையின் உயிர் இங்கேதான். தொடக்கத்திலிருந்து கமிஷன் 30 சதவீதம். 2016-ல் சந்தாக்களுக்கு இரண்டாம் ஆண்டு முதல் 15 என்றார்கள். 2021 ஜனவரி முதல் ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருக்கும் டெவலப்பர்களுக்கு 15. இந்தச் சிறுதொழில் சலுகை தானாக வராது, விண்ணப்பித்துச் சேர வேண்டும். சேர மறந்து 30 கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் வருஷக் கட்டணம் 99 டாலர்.

எதற்குக் கமிஷன், எதற்கு இல்லை என்ற கோடு விசித்திரமானது. ஊபரில் கார் வரவழைத்தால், ஸ்விக்கியில் பிரியாணி வாங்கினால் ஆப்பிளுக்கு ஒரு பைசா கிடையாது; போனுக்கு வெளியே கிடைக்கும் பொருளுக்கும் சேவைக்கும் ஆப்பிளின் பில்லிங்கைப் பயன்படுத்தவே கூடாது. மின்னூல், விளையாட்டு நாணயம், பதிவு செய்த பாடம் என்றால் கமிஷன். ஒரு டியூஷன் ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், நேரலை வகுப்பு: யூபிஐ வைத்துக்கொள்ளலாம். அதே ஆசிரியர் முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் நேரலையில் நடத்தினால் ஆப்பிள் பில்லிங். அந்த வகுப்பின் வீடியோவை விற்றாலும் ஆப்பிள் பில்லிங். ஆப்பின் பாதுகாப்பில் இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. எந்த விதி பயனரைக் காக்கிறது, எது கல்லாவைக் காக்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தக் கேள்வியே போதும்.

வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று ஆப்புக்குள் சொல்லக்கூடாது என்பது இன்னொரு விதி. அமேசான் 2011-ல் கிண்டில் ஆப்பிலிருந்து கடைப் பட்டனை எடுத்தது. நெட்ஃபிளிக்ஸ் 2018 கடைசியில் ஆப்புக்குள் சந்தா கட்டும் வழியை நிறுத்தியது. புத்தகம் படிக்கும் ஆப்பில் புத்தகம் வாங்க முடியாமல் போனது. ஏன் என்று சொல்லவும் முடியவில்லை. ஹே என்ற மின்னஞ்சல் ஆப் 2020 ஜூனில் இதில் மாட்டியது: வெளியே சந்தா கட்டியவர்கள் மட்டும் லாகின் செய்யும்படி இருந்ததால், திறந்ததும் எதுவும் செய்யாத ஆப் என்று அப்டேட்டை நிறுத்தினார்கள். கடைசியில் பதினான்கு நாள் இலவசத் தற்காலிக முகவரி ஒன்றைச் சேர்த்து நுழைந்தது. அந்தத் தகராறின் பயனாக ஒரு நல்ல விதி வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

எபிக் வழக்கு தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 13 அன்று ஃபோர்ட்நைட்டில் எபிக் தன் சொந்தப் பில்லிங்கைத் திறந்தது. அன்றே ஆப் நீக்கப்பட்டது. அன்றே வழக்கும் போட்டார்கள். 2021 செப்டம்பர் 10 அன்று நீதிபதி இவோன் கொன்சாலஸ் ராஜர்ஸ் பத்தில் ஒன்பது குற்றச்சாட்டில் ஆப்பிள் பக்கம் தீர்ப்பளித்தார். ஏகபோகம் என்று நிரூபிக்கப்படவில்லை; ஆனால் வெளி இணைப்பைத் தடுக்கும் விதி கலிஃபோர்னியா சட்டப்படி முறையற்றது என்றார். 2024 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுக்க மறுத்ததும் ஆப்பிள் இணைப்பை அனுமதித்தது, எப்படியென்றால், அந்த இணைப்பு வழியாகப் போய் ஏழு நாளுக்குள் வாங்கினால் 27 சதவீதம் ஆப்பிளுக்கு. வெளியே கார்டு கம்பெனிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் போகும். கூட்டினால் 30. அதற்கு மேல் இணைப்பைத் தொட்டதும் பயமுறுத்துகிற முழுத்திரை எச்சரிக்கை. 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிபதி, ஆப்பிள் தெரிந்தே உத்தரவை மீறியது என்று அவமதிப்புத் தீர்ப்பு எழுதினார். ஆப்பிளின் நிதித்துறைத் துணைத்தலைவர் ஒருவர் சத்தியப்பிரமாணத்தின் கீழ் பொய் சொன்னார் என்றும் எழுதினார். ஆப்பிள் மேல்முறையீட்டுக்குப் போனது. சில நாளில் அமெரிக்க ஐபோன்களில் கிண்டில் ஆப்புக்குப் புத்தகம் வாங்கும் பட்டன் திரும்ப வந்தது. அந்தப் பட்டனால் எந்தப் போனின் பாதுகாப்பும் குலையவில்லை.

ஒரே வாசல், அதற்கு ஒரே காவல்காரர் என்றால் அரசாங்கங்களுக்கும் வசதி. மேலே சொன்ன 2022 அறிக்கையில் அரசுகளின் கோரிக்கையால் நீக்கிய ஆப்கள் 1,474. அதில் 1,435 சீனா கேட்டவை. 2017-ல் சீன ஸ்டோரிலிருந்து விபிஎன் ஆப்கள் போயின; 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப்பும் த்ரெட்ஸும். ஹாங்காங் போராட்டத்தின்போது போலீஸ் நிற்கும் இடத்தைக் காட்டிய வரைபட ஆப் 2019 அக்டோபரில் முதலில் மறுக்கப்பட்டு, பிறகு ஏற்கப்பட்டு, சீன அரசு ஏடு கண்டித்ததும் நீக்கப்பட்டது. சீனா மட்டும்தான் இப்படி என்று நினைத்தவர்களுக்கு 2025 அக்டோபரில் பதில் கிடைத்தது: அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகளின் நடமாட்டத்தைச் சொல்லும் ஐஸ்பிளாக் ஆப்பை, அமெரிக்க நீதித்துறை கேட்டதும் ஆப்பிள் எடுத்துவிட்டது. கோர்ட் உத்தரவு ஏதும் இல்லை. என்னைக் கேட்டால், கமிஷனை விடப் பெரிய ஆபத்து இதுதான். பத்தாயிரம் இணையதளங்களை முடக்குவது அரசுக்குச் சிரமம்; ஒரு கம்பெனிக்கு ஒரு கடிதம் போடுவது சுலபம்.

கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவைப் பார்க்கலாம். டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி 2024 மார்ச் முதல் ஐஓஎஸ் 17.4-ல் வேறு ஸ்டோர்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆல்ட்ஸ்டோர், எபிக்கின் ஸ்டோர் இரண்டும் வந்தன. ஆனால் கையெழுத்துச் சாவி ஆப்பிளிடமே இருக்கிறது. எந்த ஸ்டோரானாலும் ஆப் நோட்டரைசேஷன் தாண்ட வேண்டும்; மேக்கைப் போலன்றி இதில் ஆளும் பார்க்கிறார். போனுக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டும் எமுலேட்டரான யூடிஎம்மை 2024 ஜூனில் ஆப்பிள் தன் ஸ்டோருக்கும் மறுத்தது, நோட்டரைசேஷனிலும் மறுத்தது. அதாவது போட்டிக் கடையில் வைக்கவும் இவர்கள் அனுமதி வேண்டும். அடுத்த மாதமே அதை ஏற்றுக்கொண்டார்கள். புதிய விதிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு கட்டணமும் வந்தது: ஆண்டுக்கு முதல் பத்து லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் 0.50 யூரோ. முதலில் எழுதிய விதிப்படி, இருபது லட்சம் பேர் இறக்கிய ஓர் இலவச ஆப், ஒரு பைசா சம்பாதிக்காமலே ஐந்து லட்சம் யூரோ கட்ட வேண்டியிருந்தது; வருமானமே இல்லாதவர்களுக்கு 2024 மே மாதம்தான் விலக்கு வந்தது. வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று ஆப்புக்குள் சொல்ல விடாததற்காக 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் 50 கோடி யூரோ அபராதம் போட்டது. அதன் பிறகு அந்தக் கட்டணத்தை விற்பனையில் 5 சதவீதமாக மாற்றப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. ஜப்பானின் சட்டம் 2025 டிசம்பர் 18 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சட்டம் எழுதுகிறவர்கள் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள்; சாவி யாரிடம், கட்டணம் எவ்வளவு என்று எழுதாவிட்டால் திறந்த கதவுக்கு முன்னாலேயே சுங்கச்சாவடி வந்துவிடுகிறது.

கூகுள் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து ஆப் போடலாம், உண்மை. பணம் என்று வந்தால் கதை ஒன்றுதான். பிளே பில்லிங் விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது; மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு கூகுள் வேறு பில்லிங்கை அனுமதித்தது, 11 முதல் 26 சதவீதம் தனக்கு என்று. ஆப்பிளின் 27-க்கு அண்ணன் தம்பி. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023-ல் தனி நீதிபதியும் 2024 ஜனவரியில் அமர்வும் ஏற்கவில்லை. 2024 மார்ச் 1 அன்று பாரத் மேட்ரிமோனி, நவுக்ரி, 99ஏக்கர்ஸ் போன்ற ஆப்கள் பிளே ஸ்டோரிலிருந்து ஒரே நாளில் காணாமல் போயின. மத்திய அரசு கூப்பிட்டுப் பேசியதும் சில நாளில் திரும்பின. வரன் தேடும் ஆப்பிலிருந்து பாதுகாப்பு ஆபத்து வந்து நீக்கவில்லை. கட்டணத் தகராறு, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பிளே ஸ்டோருக்கு வெளியே தரும் ஆப்களின் டெவலப்பர்களும் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. முதலில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என்று வரிசை. எதிர்ப்பு வந்ததும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைக்கிறோம் என்றார்கள்.

இப்போது ரிஜெக்ட் ஆனால் என்ன செய்வது என்ற கேள்வி.

நிராகரிப்புச் செய்தியில் விதி எண்ணும், எந்தச் சாதனத்தில், எந்தப் பதிப்பில் பார்த்தார்கள் என்பதும் இருக்கும். சாதனத்தின் பெயரை முதலில் படியுங்கள். ஐபோனுக்கு மட்டும் செய்த ஆப்பையும் ஐபேடில் போட்டுப் பார்ப்பார்கள். பட்டன் திரைக்கு வெளியே போயிருந்தால் "வேலை செய்யவில்லை" என்று வந்துவிடும்.

நம் ஊர் ஆப்கள் அதிகம் விழுவது 2.1-ல், அதாவது ஆப் முழுமையாக இருக்க வேண்டும் என்ற விதியில். காரணம் ஓடிபி. ரிவ்யூ செய்பவர் பெரும்பாலும் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறார். இந்திய சிம் அவரிடம் இல்லை. ஒரு சோதனை மொபைல் எண், அதற்கு மாறாத ஓடிபி ஒன்று சர்வரில் வைத்து, ரிவ்யூ குறிப்பில் இரண்டையும் எழுதுங்கள். அந்தக் கணக்கில் ஆர்டர், மெசேஜ் எல்லாம் நிரப்பி வையுங்கள். காலியான திரையைப் பார்த்தால் முடிக்காத ஆப் என்று நினைப்பார்கள். சர்வர் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள். புளூடூத் மீட்டர், பிரின்டர் என்று வன்பொருள் தேவைப்பட்டால் அது ஓடும் வீடியோவை இணையுங்கள்.

5.1.1 என்று வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கணக்கை அழிக்கும் வசதி இல்லை, அல்லது அனுமதிப் பெட்டியில் "கேமரா தேவை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். "ரசீதைப் படம் எடுத்துச் செலவில் சேர்க்க கேமரா தேவை" என்று எழுதினால் தேறும். 1.2 என்றால், பயனர்கள் பதிவிடும் ஆப்பில் புகார் செய்யவும் ஆளை பிளாக் செய்யவும் வழி வைக்கவில்லை என்று பொருள்.

கஷ்டமானது 4.3-ம் 4.2-ம். 4.2 என்றால் இது வெறும் இணையதளத்தைச் சுற்றிய உறை. நோட்டிஃபிகேஷன் மட்டும் சேர்த்தால் பல நேரம் போதாது, ஆஃப்லைனிலும் பயன்படும் ஏதாவது ஒன்று வேண்டும். 4.3 என்றால் இதே மாதிரி ஏற்கனவே இருக்கிறது. ஒரே டெம்ப்ளேட்டில் ஐம்பது பள்ளிக்கு ஐம்பது ஆப் செய்து உங்கள் கணக்கிலேயே ஏற்றினால் இது நிச்சயம். ஒரே ஆப்புக்குள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளியும் தன் பெயரில் கணக்கு எடுத்து ஏற்ற வேண்டும். பெயரையும் நிறத்தையும் மாற்றி மறுபடி மறுபடி அனுப்பினால் கணக்கே போகும் அபாயம் உண்டு.

விளக்கமோ ஸ்கிரீன்ஷாட்டோ மட்டும் குற்றம் என்றால் புதிய பில்ட் வேண்டாம். திருத்திவிட்டு அதே பில்டைத் திரும்ப அனுப்பலாம். விளக்கத்தில் "ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும்" என்ற வரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஹே தகராறுக்குப் பிறகு வந்த விதி இது: ஏற்கனவே ஸ்டோரில் இருக்கும் ஆப்புக்கு வெறும் பிழைதிருத்த அப்டேட் அனுப்பும்போது வேறு ஏதோ விதியைக் காட்டி நிறுத்தினால், சட்டச் சிக்கலும் பாதுகாப்புப் பிரச்சினையும் இல்லாதவரை, "இதை இப்போது அனுமதியுங்கள், அந்த விதியை அடுத்த பதிப்பில் சரி செய்கிறோம்" என்று பதிலில் எழுதலாம். நிராகரிப்புச் செய்தியிலேயே இந்த வழியைச் சொல்லியிருப்பார்கள். கீழே இருப்பதால் பலர் படிப்பதில்லை. ஆப் உடைந்து கிடக்கிறது என்றால் அவசர ரிவ்யூ கேட்கலாம். அடிக்கடி கேட்டால் மதிப்பு போய்விடும்.

பதில் எழுதும்போது நியாய அநியாயம் பேச வேண்டாம். படிப்பவர் அடுத்த ஆப்புக்குப் போகும் அவசரத்தில் இருக்கிறார். விதி எண், எந்தத் திரை, எந்தப் பட்டனைத் தொட்டால் என்ன வரும் என்று நாலு வரி, ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங். அதே ரகத்தில் இன்னொரு ஆப் ஸ்டோரில் இருக்கிறதே என்ற வாதம் எடுபடாது. அந்த ஆப்பையும் சேர்த்து நீக்குவார்கள், அவ்வளவுதான். இரண்டு முறை ஒரே பதில் வந்தால் ரிவ்யூ போர்டுக்கு மேல்முறையீடு செய்யுங்கள். ஒரு நிராகரிப்புக்கு ஒரு மேல்முறையீடுதான் என்பதால் அவசரப்பட்டு அனுப்பாமல், எல்லாவற்றையும் அதிலேயே வையுங்கள். தொலைபேசியில் பேசவும் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கும்.

ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டால் ஏற்கனவே இறக்கியவர்களின் போனில் ஆப் ஓடிக்கொண்டிருக்கும். அப்டேட் மட்டும் போகாது. ஃபோர்ட்நைட் 2020-ல் அப்படித்தான் பழைய சீசனிலேயே நின்றது. அதனால் பயனர்களின் மின்னஞ்சலை அனுமதி வாங்கி உங்களிடம் வைத்திருங்கள், முக்கிய வேலைகளை ஒரு வெப் பதிப்பிலும் செய்யும்படி வையுங்கள், கட்டணக் கணக்கை ஆப்பிளின் ரசீதை மட்டும் நம்பாமல் உங்கள் சர்வரிலும் எழுதுங்கள். வெளியீட்டுத் தேதியை விளம்பரம் செய்வதற்கு முன்னால் ஆப்பை அனுமதி வாங்கி, கையால் வெளியிடும் முறையில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். அனுமதி வந்த பில்ட் நீங்கள் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும்.